வெள்ளையாகவே இருந்த மூன்றாவது பேட்ச்

எனக்கு மூக்கின் மேல் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நெல்லிக்காய் கிரீம் விஷயத்தில் நான் செய்ததில் பாதி கோபத்தில் செய்தது. மீதிப் பாதி, செய்ததைச் சரிக்கட்டுவதற்காகச் செய்தது.

செம்பூரில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் யூனிட் இருக்கிறது. ஷட்டர் போட்ட நீளமான கூடம். மும்பையில் இதைக் ‘காலா’ என்பார்கள். முகக் கிரீம், லோஷன், சீரம் எல்லாம் செய்து பிற கம்பெனிகளுக்குக் கொடுப்போம். டப்பாவில் அவர்கள் பெயர்தான் இருக்கும். நான் அங்கே கெமிஸ்ட். கோபர்கைரனேயில் நாங்கள் குடியிருக்கும் பில்டிங்கில் கெமிஸ்ட் என்றால் மருந்துக்கடைக்காரி என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வருவார்கள். கொஞ்ச நாள் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு ஒரு அட்டை மாத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டேன்.

முதலாளி மாட்டுங்காக்காரர், அறுபதைத் தாண்டியவர். கணக்கும் கஸ்டமரும் அவர் பாடு, கிரீம் என் பாடு என்று பிரித்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஓட்டியிருந்தோம். கலவைப் பாத்திரத்தை ஓட்டுகிறவர் ஒருவர் உண்டு. யூனிட்டில் எல்லோருக்கும் அவர் ‘பாய்’. திருநெல்வேலிப் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து வந்து தாராவியில் தோல் பட்டறையில் கைப்பை தைத்துக்கொண்டிருந்தவர். கண் மங்கத் தொடங்கியதும் எங்களிடம் வந்தார். நானும் தாராவியில் பிறந்து வளர்ந்தவள்தான். அதனால் யூனிட்டில் ஹிந்தி பேசிப் பேசி அலுத்துப்போனால் நாங்கள் இருவரும் எங்கள் தமிழுக்குத் திரும்பிவிடுவோம்.

அந்த வருடம் ஒரு புதிய கம்பெனி எங்களைத் தேடி வந்தது. நெல்லிக்காய்ச் சாறும் பச்சைத் தேயிலைச் சாறும் வைட்டமின் ஈ-யும் சேர்ந்த முகக் கிரீம் வேண்டும். நிறம் பால் மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும். வாயில் நுழையாத ரசாயனப் பெயர் எதுவும் லேபிளில் இருக்கக் கூடாது.

கேட்க எளிதாக இருக்கும். நெல்லிக்காயில் இருக்கும் சத்து, தோலைக் கெடுக்கும் ஆக்ஸிஜனைத் தான் ஏற்றுக்கொண்டு தோலை விட்டுவைக்கும். அதுதான் அதன் பெருமை. ஆனால் டப்பாவுக்குள் இருக்கும்போதே அது அந்த வேலையைத் தொடங்கிவிட்டால், முகத்துக்குப் போய்ச் சேரும்போது ஒன்றும் மிச்சம் இருக்காது. கிரீம் பழுப்பாகிப்போகும், வாடையடிக்கும். தோலைக் காக்க வந்த பொருளை நாம் முதலில் காக்க வேண்டும். வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, காற்று ஆகாது. எல்லாவற்றையும்விட இரும்பு, செம்பு போன்ற உலோகத்தின் ஒரு துளிகூட ஆகாது. உலோகத்தைக் கட்டிப்போட நல்ல ரசாயனம் ஒன்று உண்டு. அதன் பெயர் லேபிளில் வரக் கூடாது என்றுவிட்டார்கள். செடியிலிருந்து எடுத்த சாதுவான ஒன்றைத்தான் போட முடிந்தது.

எட்டு வாரம் லேப் மேசையில் மல்லுக்கட்டினேன். பத்தொன்பதாவது சாம்பிள் நிறம் மாறாமல் நின்றது. அதை நாற்பத்தைந்து டிகிரி சூட்டில் ஸ்டெபிலிட்டி சேம்பரில் வைத்தேன். சேம்பர் என்பது ஃபிரிட்ஜ் மாதிரியே ஒரு பெட்டி. குளிருக்குப் பதில் உள்ளே சித்திரை வெயில். அதில் மூன்று மாதம் நிறம் மாறாமல் நின்றால் கடை அலமாரியில் இரண்டு வருடம் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. ஒரு மாதம் பார்த்தேன், சாம்பிள் அசையவில்லை. அடுத்த கட்டம், அதையே ஐந்து கிலோ சிறு பாத்திரத்தில் பேட்சாகச் செய்வது.

முதல் பேட்ச் அன்று தண்ணீரை எடைபோட்டு, மூடிக்கு விபூதி பூசிக் கும்பிட்டு, பாத்திரத்தைச் சூடேற்றி, எண்ணெய்ப் பகுதியைச் சேர்த்து, ஆறவைத்து, கடைசியாக நெல்லிச்சாற்றை ஊற்றினோம். வெண்ணெய் மாதிரி வந்தது. மூன்றாவது வாரம் சேம்பரைத் திறந்தபோது சாம்பல் கலந்த பழுப்பில் இருந்தது.

“என்னம்மா இது, டிகாக்‌ஷன் கலர்ல இருக்கு?” என்றார் முதலாளி.

லேப் சாம்பிள் அதே சேம்பரில் பக்கத்திலேயே வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவது பேட்சும் அதேபோல் ஆனது. ஃபார்முலா சரி, பேட்ச் தப்பு என்றால், பேட்ச் செய்யும்போது யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ யார் என்று நான் உடனே முடிவுகட்டிவிட்டேன். இரண்டாவது பேட்ச் அன்று பாய் குழாயடியிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் தூக்கி வந்ததை நான் பார்த்திருந்தேன். கழுவுவதற்கு என்றார். எங்கள் கட்டடத்துக் குழாய் இரும்புக் குழாய். சுத்திகரித்த தண்ணீர் எடையில் குறைந்திருக்கும், மனுஷன் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்டியிருப்பார் என்று மனதுக்குள் வழக்கு நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

மூன்றாவது பேட்ச் போட வேண்டிய அன்று அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நான் லீவு. முதலாளி அவசரப்படுத்த, பாய் தனியாகவே செய்து சேம்பரில் வைத்துவிட்டார். திரும்பி வந்து கேள்விப்பட்டதும் எனக்கு எரிச்சல். நான் பக்கத்தில் நிற்கும்போதே இந்த லட்சணம், நான் இல்லாதபோது எப்படி இருக்கும் என்று அந்தப் புட்டிகளைச் சேம்பரின் பின்பக்கம் தள்ளிவைத்து, ‘கணக்கில் சேர்க்க வேண்டாம்’ என்று சீட்டு ஒட்டினேன். வாராவாரம் பார்க்க வேண்டியதையும் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே நான்காவது பேட்ச். ஒரு சொட்டுத் தண்ணீரையும் விடாமல் நானே எடைபோட்டேன். சாமியிடம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே முறையிட்டேன். நடுவில் அம்மாவின் டாக்டரிடமிருந்து போன் வந்தது. பத்து நிமிஷம் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். இரண்டாவது வாரமே அந்தப் பேட்ச் பழுப்பாகிவிட்டது. முந்தைய இரண்டையும்விடச் சீக்கிரம், அவற்றைவிட அசிங்கமாக.

அந்தப் பத்து நிமிஷம்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

ஏதாவது தப்பானால் நாங்கள் டீவியேஷன் ரிப்போர்ட் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என்ன ஆனது, ஏன் ஆனது, இனி என்ன செய்வது. ‘காரணம்’ என்ற கட்டத்தில், சுத்திகரிக்காத தண்ணீர் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்று எழுதி, பாயின் முழுப் பெயரையும் எழுதினேன். அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கத்திலும் தடம் பதிந்தது.

“நான் ஊத்தல மேடம்,” என்றார் பாய். அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் ஏப்ரனைக் கழற்றி மடித்து ஆணியில் மாட்டினார்.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். “அவரை ஆத்துக்குப் போகச் சொல்லியிருக்கேன். ரிப்போர்ட்டை நீ முடிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்னா, வேற ஆளைப் பாத்துக்கலாம். கஸ்டமர் கேக்கறச்சே நடவடிக்கை எடுத்தோம்னு காட்டணுமோல்லியோ?”

ரிப்போர்ட்டை முடிக்க எனக்கு மூன்று வாரம் அவகாசம் இருந்தது. என் கையெழுத்து விழுந்த அன்று அவர் வேலை போய்விடும்.

மறுநாள் கெட்டுப்போன பேட்ச்களைக் கொட்டிவிட்டுச் சேம்பரைத் துடைக்கலாம் என்று எல்லாப் புட்டிகளையும் வெளியே எடுத்தேன். பின்பக்கம் தள்ளிவைத்த மூன்றாவது பேட்ச் கையில் வந்தது. மூடியைத் திறந்தேன்.

வெள்ளை. பால் வெள்ளை.

ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன், வேறு புட்டியோ என்று. மூன்றாவது பேட்ச்தான். நான்காவதைவிட ஒரு வாரம் கூடுதலாகவே அந்தச் சூட்டில் கிடந்திருக்கிறது. பாய் தனியாகச் செய்த பேட்ச்.

நான்கு பேட்ச்களின் ரெக்கார்டையும் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். ஒவ்வொன்றும் பத்துப் பக்கம். ஒரே லாட் நெல்லிச்சாறு. ஒரே எண்ணெய். ஒரே சூடு, ஒரே நேரம். பாத்திரம் கழுவியது, கையுறை மாட்டியது, தராசைச் சரிபார்த்தது, எல்லாம் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம்தான். முதல், இரண்டாம், நான்காம் பேட்சில் பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து இருந்தது. மூன்றாவதில் இல்லை.

இதை ஜீரணிக்க எனக்கு ஒரு முழுநாள் ஆனது. பிறகு ரோஷம் வந்தது. நான்தான் கெடுக்கிறேன் என்றால் எப்படிக் கெடுக்கிறேன் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. கையுறையை மாற்றினேன். கையில் போடும் லோஷனை நிறுத்தினேன். நான் பயன்படுத்திய கரண்டியை நெல்லிச்சாற்றில் நாள்கணக்காக ஊறப்போட்டேன். பேனா மையைக்கூடச் சந்தேகப்பட்டேன். எதிலும் ஒன்றும் அகப்படவில்லை. வாஷியில் ரயில் மாற வேண்டியவள் இறங்க மறந்து கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினேன். என் வீட்டுக்காரர், “நீயும் சேர்ந்து ஆக்ஸிடைஸ் ஆயிருவ போலருக்கே,” என்று கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் வேறு வழியில்லை. நான் என்ன செய்தேன் என்று பார்த்தவர் ஒருவர்தான். அந்த ஞாயிறு தாராவிக்குப் போனேன். அம்மா வீட்டுக்குப் போகாமல் நேரே பாய் வீட்டுச் சந்துக்குப் போனேன். ஏணி மாதிரி நிற்கும் இரும்புப் படியில் ஏறி மாடிக்குப் போனபோது, பாய் சர்க்கரைச் சாக்கு ஒன்றைப் பிரித்துத் தைத்து ஜன்னலுக்குத் திரை செய்துகொண்டிருந்தார். தைக்கிற கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

“வாங்க மேடம். இந்தப் படியில ஏறியா வந்தீய? சொல்லி விட்டா நான் வந்திருப்பம்லா,” என்று எழுந்தார். அவர் மனைவி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பு இல்லை. எப்படி இருக்கும்?

“பாய், மூணாவது பேட்ச் வெள்ளையா நிக்கி,” என்றேன். என் வாயில் தாராவி தானாக வந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார்.

“நான் இருந்த மூணும் கெட்டுப்போச்சு. நான் இல்லாதது நிக்கி. அப்ப கெடுக்குறது நான்தான். என்ன செஞ்சேன்னு நீங்கதான பாத்துக்கிட்டு நின்னீங்க. சொல்லுங்க.”

“நீங்க ஒண்ணும் செய்யல மேடம். எல்லாம் ரூல்படிதான் செஞ்சீய.”

“பாய்!”

அவர் ஊசியைத் திரையில் குத்திவைத்தார். மனைவியைப் பார்த்தார். “தெரிஞ்சா சொல்லுங்களேன். வேலை போயிக் கெடக்கு, இன்னும் என்ன மரியாத பாக்கீய?” என்றார் அந்த அம்மாள்.

“மூடியில விபூதி பூசுவீயல்லா,” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார் பாய். “பூசும்போது ஈரமா இருக்கும். சூடு ஏற ஏறக் காஞ்சிரும். கலக்குத ஸ்டிரர் ஓடும்போது மூடி கிடுகிடுன்னு ஆடும்லா. நடுவுல அந்தக் கம்பி எறங்குத ஓட்டை வேற இருக்கு. பேட்ச் முடிஞ்சு மூடியக் கழுவையில பாத்தா, நீங்க பூசினதுல பாதிதான் இருக்கும். மிச்சம் எங்க போச்சுன்னு நான் பாக்கல. அதுக்குள்ளதான் விழுந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்? மூணாவது பேட்சுக்கு யாரும் பூசல.”

எங்கள் வீட்டில் புதிதாக எதைத் தொடங்கினாலும் அதற்கு விபூதி பூசுவோம். குக்கர், தையல் மிஷின், மகளின் சைக்கிள், எல்லாவற்றுக்கும். ஒவ்வொரு பேட்சும் எனக்குப் புதுத் தொடக்கம். லேப் பீக்கருக்கு யாரும் விபூதி பூசுவதில்லை; அதனால் அந்தச் சாம்பிள் நின்றது. கெடக் கெட நான் வேண்டுதலைக் கூட்டினேன், பட்டையும் தடித்தது. நான்காவது பேட்ச் சீக்கிரம் கெட்டதற்கு வேறென்ன காரணம் வேண்டும்? பத்துப் பக்க ரெக்கார்டில் இது எங்கேயும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதை யாராவது எழுதுவார்களா? அதைப்போல அதையும் ஒரு வேலையாக நான் நினைத்ததே இல்லை.

“ஏன் பாய் அன்னைக்கே சொல்லல? ஒங்க வேலை போகுதுன்னு தெரிஞ்சும்?”

“ஒங்க சாமி காரியம் மேடம். அதுல குத்தம்னு நான் எப்படிச் சொல்ல? நீங்க தப்பா எடுக்க மாட்டீய. கேக்குதவங்க என்ன நெனைப்பாங்க?” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “எனக்கும் நிச்சயமாத் தெரியாதுல்லா. தெரியாம ஒருத்தர் மேல எப்படிப் பழி போட?” என்றார்.

அதை அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவர் இயல்பாகச் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நிச்சயமாகத் தெரியாமல் அவர் பெயரை அழுத்தி எழுதியவள் நான். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதேன். அந்த அம்மாள் டீ கொண்டுவந்து வைத்தார்.

இனி நிச்சயமாகத் தெரிந்தாக வேண்டும். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மூன்றாவது பேட்சிலிருந்து இரண்டு பீக்கரில் கிரீம் எடுத்தேன். ஒன்றில் என் மேசை டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை விபூதி. மற்றதில் ஒன்றும் இல்லை. இரண்டையும் சேம்பரில் வைத்தேன். ஒன்பதாவது நாள், சும்மா இருந்தது வெள்ளையாகவே இருந்தது. விபூதி போட்டது அதே சாம்பல் பழுப்பு.

சாம்பலில் காரம் உண்டு, இரும்பும் உண்டு. இரும்பு பட்டால் நெல்லிக்காய் கறுக்கும். இதற்கு எம்.எஸ்ஸி. வேண்டியதில்லை. நெல்லிக்காய் ஊறுகாய் போடும்போது இரும்பு அரிவாள்மணையைத் தொடாதே என்று அம்மா கத்துவாள், நானும் தொடமாட்டேன். அடுக்களையில் தெரிந்தது யூனிட்டில் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பீக்கரையும் முதலாளி மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலைக்கு மேல் வரிசையாகச் சாமி படம். அண்ணாந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“பாயை நாளைக்கே வரச் சொல்லிடு. அதுல ஒரு பிரச்னையும் இல்லே,” என்றார். “ஆனா ரிப்போர்ட்ல விபூதி, அது இதுன்னு எழுதாதேம்மா. கஸ்டமர் படிச்சா சிரிப்பான். வெளியிலேர்ந்து தூசி விழுந்துடுத்துன்னு பொதுவாப் போட்டுடு. புதுப் படிவம் வேணும்னாலும் எடுத்துக்கோ, பழசைக் கிழிச்சுடு.”

“பழசைக் கிழிக்க முடியாது சார், நம்பர் போட்ட பக்கம். தூசின்னு போட்டா, தூசியை உள்ள விட்டது யாருன்னு கேப்பாங்க. அங்க அவர் பேர் இருக்கு.”

“உன் பேரை எழுதிண்டா கெட்ட பேர் உனக்குத்தான் வரும். பன்னெண்டு வருஷமா நீ ஒரு டீவியேஷன் வாங்கினதில்லே.”

“வர வேண்டியதுதான சார்.”

அவர் மேற்கொண்டு ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்டால் சம்மதித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. எழுந்து வந்து அன்று மதியமே எழுதினேன். விபூதி என்றே எழுதினேன். பூசியவர் என்ற இடத்தில் என் முழுப் பெயர். இனிமேல் மூடியின் மேல் எதையும் பூசவோ ஒட்டவோ வைக்கவோ கூடாது என்று ஒரு விதி. மூன்று பேட்சின் நஷ்டத்துக்கும் பொறுப்பு நான் என்று ஒரு வரி.

பாய் வந்த அன்று ஐந்தாவது பேட்ச். மூடியைத் துடைத்துக் கையில் ஏந்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“வெளிய ஷட்டருக்குப் பூசிட்டேன் பாய். நீங்க மூடுங்க,” என்றேன்.

அந்தப் பேட்ச் மூன்று மாதம் அசையாமல் நின்றது. அந்தக் கிரீம் இன்று கடைகளில் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த நாளில் நினைவிருப்பது பேட்ச் இல்லை.

வேலை முடிந்ததும் ரிப்போர்ட்டை அவர் முன் வைத்தேன். சம்பந்தப்பட்டவர் என்ற முறையில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு ஆங்கிலம் முழுதாகப் படிக்க வராது. சரக்குகளின் பெயரும் எண்களும் தன் பெயரும் தெரியும். ரெக்கார்டில் தப்பாக எழுதியதை அடிப்பதற்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. வெள்ளை மை பூசக் கூடாது, கிறுக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். அடித்தவர் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் பாய் ஒரு எண்ணைக் கிறுக்கி அடித்ததற்கு அவரை எல்லோர் முன்னாலும் நான் திட்டியிருக்கிறேன். ‘காரணம்’ கட்டத்தில் அவர் பெயரையும் விதிப்படிதான் அடித்திருந்தேன், ஒரு கோடு, என் கையெழுத்து, தேதி.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தில் விரல் வைத்தார். கோட்டுக்குக் கீழே அவர் பெயர் ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்தது.

“பேரு இன்னும் தெரியுதே மேடம்,” என்றார்.

“ஆமா பாய்,” என்றேன். “அதை அழிக்க முடியாது.”

அவர் பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.